டானியல் எழுதியது நாவலா, பிரசாரமா?

கே. டானியலின் பெயரை எடுத்ததும் யாழ்ப்பாணத்து இலக்கியக்காரர் பலரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். போராளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாவலாசிரியர் என்று சொல்ல ஏலாது, அவர் எழுதினதெல்லாம் பிரசாரம். இப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் ‘பஞ்சமர்’ தவிர வேறேதும் வாசித்திருப்பார்கள் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். தீர்ப்பு சரியா பிழையா என்று கொஞ்சம் ஆற அமர யோசிக்க வேண்டியிருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டானியலின் குறை என்று நாம் காட்டுகிற அந்தத் தகவல் நெரிசல்தான் அவர் நாவல்களின் பலம். குடாநாட்டில் சாதி ஒவ்வொரு நாளும் எப்படி நடைமுறைப்படுத்தப்பட்டது, எந்த வேலையை யார் செய்தார், யார் எங்கே நின்றார், எதைத் தொடக்கூடாது என்பதற்கெல்லாம் அந்த நாவல்களைவிட நிறைவான பதிவு நம்மிடம் இல்லை. அந்தப் பதிவைத் தாங்கக்கூடிய ஒரு கதை வடிவத்தைத் தேடித்தான் அவர் நாவல் நாவலாக எழுதிப் பார்த்தார். அந்த வடிவத்தை ஐரோப்பிய யதார்த்த நாவலின் அளவுகோலால் மட்டும் அளந்தால் பிரசாரம் என்றுதான் தெரியும்.

ஆளைப் பற்றி முதலில். 1920களின் நடுப்பகுதியில், சலவைத் தொழிலைக் குடிமைத் தொழிலாகச் செய்துவந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருக்க வாய்க்கவில்லை. இளவயதிலேயே கம்யூனிஸ்ட் கட்சிக்குள் வந்தார். கட்சிதான் அவருடைய பள்ளிக்கூடம். அதே காலத்தில் எழுதத் தொடங்கியவர்கள் டொமினிக் ஜீவாவும் எஸ். பொன்னுத்துரையும். ஜீவா யாழ்ப்பாண நகரத்தில் சலூன் நடத்திக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது, பிறகு 1966 முதல் ‘மல்லிகை’ இதழை நடத்தினார். இவர்கள் எழுத வந்தபோது பண்டிதர்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய எதிர்ப்புத்தான் 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் என்று பெயர் பெற்றது. இழிசனர் வழக்கு இலக்கியத்துக்குள் வருகிறது என்பது குற்றச்சாட்டு. மொழித் தூய்மை பற்றிய கவலை என்றுதான் அது வெளியே சொல்லப்பட்டது. ஆனால் எந்தச் சாதியாரின் பேச்சு அச்சில் ஏறலாம் என்பதே அங்கு நடந்த வழக்கு என்பதை முற்போக்கு அணியின் விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் மட்டுமன்றி எதிர்த்தரப்பாரும் நன்றாக விளங்கியே வைத்திருந்தார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் என்றார். அந்தக் கலாசாரத்தில் புராணம் படிக்கும்போது மடத்துக்கு உள்ளே இருந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்பதை எழுத ஆளில்லாமல் இருந்தது.

‘டானியல் கதைகள்’ 1963இல் வந்தது. ஆனால் அவரை நாவலுக்குத் தள்ளியது 1966க்குப் பின் நடந்தவை. அந்த ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியின் சீனச் சார்பு அணி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் நடத்தியது, பொலிஸ் அடித்தது, ஊர்வலம் நிற்கவில்லை. அதைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. டானியல் அதன் அமைப்பாளர். சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று ஊர் ஊராகத் தேத்தண்ணிக்கடைகளில் சம கதிரையும் சம கிளாசும் கேட்டுப் போராட்டம் நடந்தது. அதுவரை அந்தக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்குச் சிரட்டையிலோ போத்தலிலோதான் தேத்தண்ணி, குந்தினால் நிலம். 1968 ஜூனில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்கான மோதல். இந்தச் சம்பவங்களை அமெரிக்க மானிடவியலாளர் பிரையன் ஃபாஃபன்பெர்கர் பிற்பாடு விரிவாக ஆராய்ந்து எழுதினார். உள்ளூரில் வெகுஜனன், இராவணா என்ற பெயர்களில் எழுதியவர்கள் ‘சாதியமும் அதற்கெதிரான போராட்டங்களும்’ என்ற நூலில் தொகுத்தார்கள். இரண்டும் தேவையான நூல்கள். இரண்டிலும் போராட்டம் இருக்கிறது. போராட்டத்துக்கு முந்திய நூறு வருடத்து அன்றாடம் எங்கே இருக்கிறது என்று தேடினால் டானியலிடம்தான் போக வேண்டும். 1972இல் ‘பஞ்சமர்’ வந்தது, 1975இல் ‘போராளிகள் காத்திருக்கின்றனர்’. பிறகு 1980களில் ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’. ‘தண்ணீர்’, ‘பஞ்சகோணங்கள்’ அவர் மறைவுக்குப் பிறகு நூலாயின. சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தவர் 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் இறந்தார். புதைத்ததும் அங்கேதான்.

இனி அந்த அன்றாடத்தை அவர் எப்படி எழுதினார் என்று பார்க்கலாம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே தேங்கி நிற்கும் மழைத்தண்ணீரைக் கிணறு வெட்டி எடுத்தால்தான் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர். கரையோரம் போகப்போகக் கிணறு உவராகும். நன்னீர்க் கிணறு நல்ல காணிக்குள் இருக்கும், நல்ல காணி வெள்ளாளர் கையில் இருக்கும். ஆகவே தண்ணீர் என்பது இங்கே வெறும் தண்ணீராக ஒருநாளும் இருந்ததில்லை. கிணற்றுக் கட்டுக்கு வெளியே ஒரு பெண் குடத்தோடு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துலாக்கயிற்றைத் தொட அவளுக்கு அனுமதியில்லை. கட்டில் ஏறவும் கூடாது. காணிக்காரர் வீட்டு ஆள் யாராவது வர வேண்டும், வந்து துலாவை இழுத்து அள்ள வேண்டும், அள்ளியதை அவள் குடத்தில் படாமல் மேலிருந்து சரித்து ஊற்ற வேண்டும். அவர் வரும்வரை நிற்க வேண்டும். வந்தவர் முதலில் தன் மாட்டுக்கு அள்ளுவார், பிறகு வாழைக்கு விடுவார், பிறகுதான் அவள் பக்கம் திரும்புவார். அதுவும் அன்றைக்கு அவருடைய மனநிலையைப் பொறுத்தது. இந்த நிற்றல்தான் சாதி. அடி, உதை, குடிசைக்குத் தீ எல்லாம் எப்போதாவது நடப்பவை. நிற்பது தினமும் இரண்டு தரம் நடப்பது. டானியல் ஒரு முழு நாவலுக்கே ‘தண்ணீர்’ என்று பெயர் வைத்ததன் காரணம் இந்த நிலவியலும் அதன்மேல் கட்டப்பட்ட அதிகாரமும்தான்.

இன்னொன்று குடிமை. யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என்று வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சாதியினரையும் சேர்த்தே சொல்வார்கள். இவர்களில் சலவைக்காரரும் சிகைக்காரரும் குறிப்பிட்ட வீடுகளுக்குக் கட்டுப்பட்ட குடிமக்கள். பள்ளரும் நளவரும் கமத்திலும் பனையிலும் உழைத்தவர்கள். ஒல்லாந்தர் 1707 வாக்கில் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றியே தனிப் பகுதி உண்டு. அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் அதே வளவில், அதே குடிசையில், அதே வீட்டுக்காரருக்கு அதே வேலை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1950கள் வரை ஒரு கமக்கார வீட்டையும் அதைச் சுமந்த குடும்பங்களையும் பின்தொடரும் ‘அடிமைகள்’ காட்டுவது இதைத்தான். சட்டம் கைவிட்டதைக் காணி உறுதி எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்பது அந்த நாவலில் ஒரு வாதமாக வரவில்லை. யார் எந்த மூலையில் சாப்பிட்டார், யார் பிள்ளைக்கு யார் பெயர் வைத்தார், படலையைத் தாண்டும்போது தோள் சால்வை எங்கே போனது என்ற சில்லறை விபரங்களாக வருகிறது. இந்த விபரங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சாதாரணக் குடும்பக் கதை.

குடிமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைக் கண்டுகொண்டதுதான் டானியலின் தனித் திறமை என்று நினைக்கிறேன். வெள்ளை கட்டாமல் கலியாணப் பந்தலும் இல்லை, செத்தவீடும் இல்லை. சவரம் செய்ய ஆள் வராவிட்டால் கடமை கழிக்க முடியாது. பறை இல்லாமல் பிரேதம் எடுப்பது கௌரவக் குறைச்சல். அதாவது மேல்சாதிக்காரரின் மானம் கீழ்ச்சாதிக்காரரின் வேலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவன் வரமாட்டேன் என்று ஒரு நாள் சொன்னால் போதும், ஒரு பெரிய வீட்டின் துக்கமே சிரிப்பாகிவிடும். ஆகவே டானியலின் நாவல்களில் கதையை நகர்த்துவது பெரும்பாலும் தனிமனித ஆசையோ மனப்போராட்டமோ இல்லை. ஒரு வேலை செய்யப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது. ஒரு எல்லை மதிக்கப்படுகிறது அல்லது மீறப்படுகிறது. கதைமாந்தர் உள்மனம் போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒருவன் தன் மனத்துக்குள் என்ன நினைத்தான் என்பதைவிட, பிணத்தைத் தூக்க வந்தானா வரவில்லையா என்பது அந்த ஊரின் சரித்திரத்தையே மாற்றுகிற சமூகத்தில், நாவலின் திருப்புமுனை அங்கேதான் இருக்க முடியும்.

இதைத் தெளிவாக்க, சற்றுத் தூரத்திலிருந்து ஒரு ஒப்பீடு. பஞ்சாபி நாவலாசிரியர் குர்தியால் சிங் 1933இல் பிறந்தவர், தச்சர் குடும்பம், சிறுவயதில் படிப்பை விட்டுத் தச்சு வேலைக்குப் போனவர், பிறகு தானே படித்து ஆசிரியராகிப் பேராசிரியருமானவர். டானியலின் வாழ்க்கைக்கு எவ்வளவு கிட்ட வருகிறது பாருங்கள். 1964இல் வந்த அவருடைய ‘மடி தா தீவா’ நாவலின் நாயகன் ஜக்சீர் நிலமில்லாத பண்ணைத் தொழிலாளி. அவன் குடும்பத்துக்கு வாய்ப்பேச்சாகக் கொடுத்த நிலத்தை நிலக்காரரின் மகன் திருப்பிப் பிடுங்குகிறான். அங்கே நின்ற மரம் வெட்டப்படுகிறது. ஜக்சீர் உள்ளுக்குள் நொறுங்கிச் சாகிறான். ஒரு மனிதனின் துயரத்துக்குள் ஒரு கிராமத்தையே அடக்கிய நாவல் அது. 1989இல் திரைப்படமானது. குர்தியால் சிங்குக்கு 1975இல் சாகித்திய அகாதெமி விருதும் 1999ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் கிடைத்தன. டானியலை விமர்சிப்பவர்கள் எதிர்பார்ப்பது இந்த மாதிரி நாவலைத்தான்: மௌனமான ஒரு தனி மனிதன், மெல்லிய சோகம், கடைசியில் சாவு. நானும் அந்த நாவலின் முன் தலை வணங்குகிறேன். ஆனால் கேள்வி இதுதான்: 1968இல் மாவிட்டபுரத்து வாசலில் நூற்றுக்கணக்கான பேரோடு நின்ற ஒருவர், 1972இல் உட்கார்ந்து மௌனமாகச் செத்துப்போகிற ஒருவனைப் பற்றி எழுதியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்குமா? ஜக்சீருக்கு எதிர்த்துப் பேசும் வாய் கிடைக்காத காலத்தை குர்தியால் சிங் எழுதினார். வாய் கிடைத்துவிட்ட காலத்தை டானியல் எழுதினார். பேச்சும் கூட்டமும் வாக்குவாதமும் நிறைந்த ஒரு காலத்தை எழுதும்போது நாவலும் சத்தமாகத்தான் இருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, அது எழுத்தைவிட நாட்டைப் பற்றியது. இந்தியாவில் பட்டியல் சாதி என்று ஒரு சட்டப் பெயர் இருக்கிறது, குடிசனக் கணக்கில் அவர்களுக்கு ஒரு நிரல் இருக்கிறது, ஒதுக்கீடு இருக்கிறது, ஒரு மொழியில் வந்த நல்ல நாவலை மற்ற மொழிகளுக்குக் கொண்டுபோக அகாதெமி இருக்கிறது. இலங்கையில் இவை ஒன்றும் இல்லை. இன்றைய குடிசன மதிப்பீட்டில் இனம் கேட்பார்கள், மதம் கேட்பார்கள், சாதி கேட்கமாட்டார்கள். கேட்கக்கூடாது என்பதற்கும் நியாயம் உண்டு. ஆனால் எண்ணப்படாத ஒன்று நாளடைவில் இல்லாத ஒன்றாகிவிடும். அதற்கு மேல் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் கிளப்பப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் முழு வலிகாமமுமே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. ஊர்கள் கலைந்தபோது ஊர்க்கட்டுப்பாட்டின் ஞாபகமும் கலைந்தது. கலைந்தது நல்லதுக்கே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். இந்தப் பின்னணியில் டானியலின் நாவலில் ஒரு பக்கம் முழுக்க ஒரு செத்தவீட்டுக் கிரமம் விபரிக்கப்பட்டால், அது கதையோட்டத்துக்குத் தடை என்று பென்சிலால் கோடு போடுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கத்தான் வேண்டும். அந்தப் பக்கம் வேறெங்கும் எழுதப்படவில்லை.

சரி, ஆவணம் என்றால் ஆவணமாகவே வைத்துக்கொள்ளுங்கள், கலை என்று ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முற்போக்கு இலக்கியத்தின் மேல் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர் மு. தளையசிங்கம். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் அவர் முற்போக்காளரின் பொருள்முதல்வாதத்தையும் கலைப் போதாமையையும் விட்டுவைக்கவில்லை. அவர் நம்பியது மெய்யுள், ஆன்மிகம், சர்வோதயம். இப்படிப்பட்ட தளையசிங்கம் 1970களின் தொடக்கத்தில் எங்கே போய் நின்றார்? புங்குடுதீவில், ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகத்தில் நின்றார். பொலிசாரிடம் அடி வாங்கினார். 1973இல் அவர் இறந்தபோது வயது நாற்பதைத் தொடவில்லை. டானியலுக்கும் தளையசிங்கத்துக்கும் இலக்கியக் கொள்கையில் ஒரு இழையும் ஒட்டாது. இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒரே கிணற்றடி. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, டானியல் சித்தாந்தத்திலிருந்து கிணற்றைக் கண்டுபிடிக்கவில்லை என்பதை. கிணறு முதலில் இருந்தது. கட்சியோடு சண்டை பிடித்தவருக்கும் அது இருந்தது. பிரசாரம் என்றால் முடிவை முன்னே வைத்து, அதற்கேற்ற உலகத்தைப் பின்னே ஜோடிப்பது. டானியலின் உலகம் ஜோடித்ததல்ல. சில இடங்களில் அவர் முடிவுதான் ஒட்டவைத்தது.

அந்தச் சில இடங்களை மறைக்கவும் வேண்டாம். ‘பஞ்சமர்’ வாசிப்பவர் எவருக்கும் தெரியும், நல்லவர் யார் கெட்டவர் யார் என்பதில் ஆசிரியருக்குக் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. கமக்கார வீடுகளின் மானத்தைக் கிழிக்க அவர் திரும்பத் திரும்ப எடுக்கும் ஆயுதம் கள்ள உறவு. பெரிய வீட்டுப் பெண்ணுக்கும் குடிமகனுக்கும் தொடுப்பு, அல்லது நயினாருக்கும் வேலைக்காரிக்கும் பிறந்த பிள்ளை. இப்படியான உறவுகள் நடந்திருக்கும், யாழ்ப்பாணத்தில் இதைத் தெரியாதது போலப் பாவனை செய்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு நாவலில் ஒரு தரம் வந்தால் அது வெளிப்பாடு, ஒவ்வொரு நாவலிலும் வந்தால் பழக்கதோஷம். பெண்கள் அங்கே சாதியின் இரகசியத்தைச் சுமக்கும் பாத்திரங்களாகக் குறுகிப்போகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கோபம், ஒரு கணக்கு இருக்கிற இடங்கள் குறைவு. குடத்தோடு நிற்பவள் பெண்தான் என்பதை நன்றாக அறிந்த ஒருவரிடம் இது ஏமாற்றம் தருகிறது. கடைசி அத்தியாயங்களில் கூட்டம் திரள்வதிலும் பேச்சு நீள்வதிலும் சில நாவல்களில் கட்சிப் பத்திரிகை வாசம் அடிக்கிறது. இவை உண்மையான குறைகள். ஆனால் பிரசாரம் என்ற ஒற்றைச் சொல்லில் இவற்றையும் அந்தச் செத்தவீட்டுப் பக்கத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது விமர்சனச் சோம்பல்.

‘கானல்’ இந்தத் தீர்ப்புக்குச் சரியான பதில். சாதிக் கொடுமையிலிருந்து தப்பக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவர்களின் கதை அது. கட்சிக்காரர் ஒருவர் எழுதும்போது மதமாற்றத்தை ஒரு மோசடி என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். டானியல் அப்படிச் செய்யவில்லை. மதம் மாறியவர்களுக்குக் கிடைத்ததையும் அவர் காட்டுகிறார்: ஒரு பெயர், ஒரு எழுத்தறிவு, அவர்களையும் மனிதர் என்று கூப்பிட்ட ஒரு குரல். பிறகு அந்தப் புதிய கோயிலுக்குள்ளும் பழைய வரிசை மெதுவாக வந்து உட்காருவதையும் காட்டுகிறார். நம்பிக்கை எப்படி உண்டாகிறது, எப்படி வற்றுகிறது என்பதை அவசரப்படாமல் எழுதிய நாவல். பிரசாரகருக்கு இந்தப் பொறுமை இருக்காது. அவருடைய நாவல்களில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

அடுத்த எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. தமிழர் ஒற்றுமையாக நிற்க வேண்டிய காலத்தில் டானியல் போன்றவர்கள் உள்வீட்டுச் சண்டையை ஊதிவிட்டார்கள், சிங்களப் பேரினவாதத்துக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள் என்பது. தமிழரசுக் கட்சியும் 1950களில் தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது, பிரசாரம் செய்தது என்பதை மறுக்கக்கூடாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தபோது தமிழ்ப் பிரதிநிதிகள் எதிர்த்து நிற்கவில்லை. ஆனால் சட்டம் வந்து பதினொரு வருடத்துக்குப் பிறகு மாவிட்டபுரத்தில் கோயில் வாசலை மறித்து நின்றவர் யார் என்று பாருங்கள். சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். அந்தச் சட்டத்தின் கீழேயே அவர்மேல் வழக்கும் வந்தது. ஈழம் கேட்ட அதே வாய்தான் கோயில் கதவையும் சாத்தச் சொன்னது. சங்கானைப் போராட்டத்தை ஷங்காயோடு முடிச்சுப்போட்டுக் கேலி செய்ததும் தமிழ் அரசியல் மேடைதான். ஒற்றுமையைக் குலைத்தது கதவைச் சாத்தியவரா, சாத்தியதை எழுதியவரா என்பதற்கு எனக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. டானியல் இனப்பிரச்சினையைப் போதிய அளவு எழுதவில்லை என்பது வேறு குறை. அது உண்மை. 1970களிலும் 80களிலும் குடாநாட்டின் இளைஞர்கள் எல்லாம் வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தபோது அவர் நாவல்கள் 1956க்கு முன்னாலும் சற்றுப் பின்னாலுமே நின்றன. ஆனால் ஒருவர் எழுதாததை வைத்து எழுதியதைத் தள்ளிவைக்க முடியாது.

கடைசி எதிர்வாதம் நம் காலத்தது: அதெல்லாம் பழைய கதை, இயக்கங்கள் வந்தன, போர் வந்தது, எல்லோரும் ஒரே பங்கருக்குள் படுத்தோம், சாதி போய்விட்டது, இப்போது ஏன் கிளறுகிறீர்கள்? போர்க்காலத்தில் பலது மாறியது என்பது சரி. சிரட்டையில் தேத்தண்ணி இன்று இல்லை. ஆனால் 2018இல் வரணியில் ஒரு கண்ணகை அம்மன் கோயில் தேரை ஜேசிபி இயந்திரம் இழுத்தது; வடத்தில் எல்லோரும் கை வைக்கக்கூடாது என்பதற்காக இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள் என்று செய்தி பரவலாக வந்தது. 2017இல் புத்தூர் மேற்கு கலைமதிக் கிராமத்து மக்கள் தங்கள் குடிமனைகளுக்கு நடுவே பிணம் எரிப்பதை எதிர்த்து நாட்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் குடிமனைக்குப் பக்கத்தில் சுடலை இருக்கிறது, எந்தக் குடிமனைக்குப் பக்கத்தில் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள வரைபடம் மட்டும் போதாது. அந்த ஊர்களின் காணி எப்படிப் பங்கானது, யார் யாருடைய வளவில் குடியிருந்தார்கள், 1970 வரைக்கும் யாருக்குச் சொந்தக் காணி இருந்தது என்ற பின்கதை வேண்டும். வலிகாமம் வடக்கிலிருந்து கிளப்பப்பட்டவர்களில் முகாம்களில் மிக நீண்ட காலம் மிஞ்சிக் கிடந்தவர்கள் திரும்பிப்போகக் காணியே இல்லாதவர்கள் என்ற செய்தியை ‘அடிமைகள்’ வாசித்துவிட்டுப் பாருங்கள், வியப்பே வராது.

வாசிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. எல்லோரும் சொல்வதுபோலப் ‘பஞ்சம’ரில் தொடங்காதீர்கள், அதில் போராட்டத்தின் சூடு அதிகம், குறைகளும் அதிகம். முதலில் ‘கானல்’, பிறகு ‘அடிமைகள்’, அதன்பிறகு ‘பஞ்சமர்’ என்று போங்கள். தமிழ்நாட்டில் அடையாளம் பதிப்பகம் அவருடைய நாவல்களைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. நம் நூலகத் திட்டத்தின் இணையப் பக்கத்திலும் தேடிப் பாருங்கள். வாசித்த பிறகும் பிரசாரம் என்றே தோன்றினால் எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பக்க எண் இல்லாத தீர்ப்பு இவ்வளவு காலம் கேட்டது போதும்.